அச்சில் இல்லாத வாக்கியம்

அத்தியாயம் 14

வக்கீலம்மா கொடுத்தனுப்பிய விவாகரத்துக் காகிதங்கள் சாப்பாட்டு மேஜையில் ஈ ஓட்டிக்கொண்டு கிடந்ததையும், "வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுடறேன்" என்று சின்னவள் போனில் சொன்னதையும் போன வாரமே பார்த்துவிட்டோம். இதோ, அந்த வியாழக்கிழமை விடிந்துவிட்டது. மாலை நாலரைக்கு வக்கீல் ஆபீஸ்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. சின்னவளின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். குடிப்பவனில்லை, கை நீட்டுபவனில்லை. மனைவிக்கு அடிக்கடி தலை வலிக்கிறதே என்று உருகி, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் வேலை பார்க்கும் இடத்துக்குப் போன் போட்டு, "இனிமே அவ வேலைக்கு வரமாட்டா" என்று சொல்லிவிட்டான். சொன்னதோடு விட்டானா? அதைப் பிறந்தநாள் பரிசு மாதிரி அவளிடம் அறிவிக்கவும் செய்தான். அன்று மாலையே ஒரு பெட்டியோடு அவள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஐந்து மாதமாகிறது.

அக்கா, அதாவது நம் பெரியவள், தங்கையைவிடப் பதினொரு வயது மூத்தவள். தனிக்கட்டை. அம்மா போன பிறகு தங்கைக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து கல்யாணம் பண்ணிவைத்தது வரை எல்லாம் அவள்தான். வந்த அன்றே தங்கையின் போனை வாங்கி, மெக்கானிக்கின் நம்பரைத் தடுத்து வைத்ததும் அவள்தான்.

இதெல்லாம் ஊரறிந்த விஷயம். ஊரறியாத விஷயம் ஒன்று உண்டு. ஒன்பது நாளைக்கு முன், மெக்கானிக்கிடமிருந்து சின்னவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அது பெரியவளின் கைப்பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால், பிரிக்கப்படாமல் இருக்கிறது.

"அக்கா, நம்ம நாவல்ல அந்தத் தளபதி கடைசில பொழைச்சுக்குவானா மாட்டானா? அதை மட்டும் சொல்லிடு."

காலைச் சாப்பாட்டு மேஜையில் சின்னவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். மேஜையின் மறுகோடியில் காகிதங்கள். இருவருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நீ எதுவரைக்கும் வந்திருக்கே?"

"பன்னெண்டாவது அத்தியாயம் நேத்து முடிச்சேன். இன்னிக்குப் பதிமூணு."

பெரியவளின் கையிலிருந்த டீ ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. "அப்படின்னா பேசாம சாப்பிடு. முன்கூட்டிச் சொல்றது நம்ம தொழில்ல கிடையாது."

தொழிலையும் சொல்லிவிடலாம். கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து கொடுக்கும் ஒலி நூலகம் அது. பெரியவள் அங்கே பதினாறு வருடமாக வாசிப்பவள். சின்னவள் சரிபார்ப்பவள்; மெக்கானிக் போன் போட்டு நிறுத்தப் பார்த்த வேலை இதுதான், அவள் விடவில்லை. அக்கா பதிவு செய்ததை மூன்று நாள் கழித்துக் காதில் மாட்டிக்கொண்டு, அதே புத்தகத்தை முன்னால் விரித்து வைத்து, வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பாள். எழுத்து விட்டுப்போனால் பிழைச்சீட்டு எழுதுவாள். சீட்டு வந்தால் அந்த இடத்தை மறுபடி பதிவு செய்தாக வேண்டும்.

இப்போது பதிவாகிக்கொண்டிருப்பது ஒரு சரித்திரக் காதல் நாவல். அறுநூறு பக்கம். கோட்டைத் தளபதி ஒருவனுக்கும் படகு கட்டுபவரின் மகளுக்கும் காதல். நல்லவர் என்று கையைக் காட்ட அந்தப் புத்தகத்தில் ஒரு ஆள் கிடையாது. தளபதி அவளைப் பாதுகாக்கிறேன் என்று கோபுரத்து அறையில் வைத்துப் பூட்டுகிறான். அவள் அவன் பாலில் மயக்கப்பொடி கலந்து, அவனுடைய வரைபடத்தை எதிரிக்கு அனுப்பிவிட்டு, மூன்றே வரியில் வருத்தப்பட்டு முடிக்கிறாள். ஆனால் எழுதியவரின் கை இருக்கிறதே, அது ஆளை விடாது. ஆற்றங்கரையில் அவன் குதிரையை நிறுத்தும் இடத்தைப் பெரியவள் வீட்டில் குளிக்கும்போதுகூட முணுமுணுத்தாள்.

மூச்சு எங்கே விட வேண்டும் என்று வாசிப்பவர்கள் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வது வழக்கம். பதிவு முடிந்ததும் அழித்துவிட வேண்டும். பெரியவள் கோட்டோடு நிற்கவில்லை. முப்பத்தொன்றாம் பக்க ஓரத்தில் "அயோக்கியன்" என்று எழுதி வைத்திருந்தாள். சரிபார்க்கும்போது அதைப் பார்த்த சின்னவள் கீழே "ஆமா, ஆனா அழகன்" என்று எழுதினாள். அன்றிலிருந்து நாவலுக்குள் இன்னொரு நாவல் ஓட ஆரம்பித்தது.

"இவளுக்கு மூளையே கிடையாதா?" என்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் அக்கா. "இருக்கு, வெளில எடுக்கறதில்ல" என்று தங்கை.

"கேட்காமல் எப்படிக் குதிரையில் தூக்கிப் போடலாம்?" என்று நூற்று நாற்பதில் அக்கா. அதற்குக் கீழே தங்கை எழுதியதைப் பார்த்துப் பெரியவளுக்குக் காது சிவந்துவிட்டது. "அப்பறம் ஏன் அந்த வரியை இவ்வளவு ஆசையாப் படிச்சே?"

அதைப் பற்றித்தான் காலையில் மறுபடி பேச்சு வந்தது.

"படிக்கப் பிடிக்குதுடி. அதுக்காக அவனை நம்ம வாசப்படி ஏற விடுவேனா?"

"ஏற விடமாட்டே. ஆனா அவன் வர்ற நாள்ல உன் குரலே வேற."

"அது தொழில்."

"தொழில்தான், தொழில்தான்" என்று சின்னவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காகிதங்களை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "சாயங்காலம் நீ கூட வரவேண்டாம்க்கா. நானே போயிட்டு வந்துடறேன்."

பெரியவள் தலையாட்டினாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஐந்து மாதமாக இதற்குத்தானே தூபம் போட்டாள்? ஆனால் நெஞ்சு என்னவோ கனமாகத்தான் இருந்தது.

*

பதிவு அறைக்குள் நுழைந்தால் உலகம் அறுந்துபோகும். சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. விசிறி கிடையாது, சத்தம் வரும். வளையல் கூடாது, சரசரக்கும் துணி கூடாது. பக்கத்தைக்கூட முற்றுப்புள்ளி வந்த பிறகுதான் புரட்ட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். ஒலியளவு மீட்டரில் முள் ஆடுவதை விட்டுக் கண்ணை எடுக்காதவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மீட்டர் சார். ஒரு விரல் தூக்கினால் நிறுத்து, இரண்டு விரல் என்றால் மறுபடி.

மீட்டர் சார் தலைக்கு மேலே ஒரே ஒரு விதி எழுதி ஒட்டியிருக்கும். "அச்சில் உள்ளதெல்லாம், அச்சில் உள்ளபடி." கெட்ட வார்த்தை வந்தாலும் படித்தாக வேண்டும். பிடிக்காத கருத்து வந்தாலும் படித்தாக வேண்டும். கேட்பவர் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்க்க முடியாதவர். வாசிப்பவள் என்ன கொடுக்கிறாளோ அதுதான் அவருக்குப் புத்தகம்.

பதினாறு வருடத்தில் அந்த விதியைப் பெரியவள் மீறியது ஒரே ஒரு தடவை. இந்தத் திங்கட்கிழமை.

பதிமூன்றாம் அத்தியாயத்தில், இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில், தளபதி கையில் ஒரு ஓலை வருகிறது. படகு கட்டுபவர் தன் மகளுக்கு எழுதியது. தளபதி அதை அவளிடம் கொடுக்காமல் இடைக்கச்சையில் செருகிக்கொள்கிறான். "இதைப் படித்தால் அவள் அழுவாள். அவளை அழவிடாமல் காப்பது என் கடமை" என்று காவலனிடம் சொல்கிறான். இரண்டு பக்கத்துக்கு அந்தக் காட்சி.

பெரியவளால் படிக்க முடியவில்லை. ஒரு வாரத்துக்கு முன் தபால் பெட்டி பக்கத்தில் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே வார்த்தைகள். அழுவாள், அவளை நான் காப்பாற்ற வேண்டும். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் புரட்டினாள். விட்ட இடத்துக்கும் தொட்ட இடத்துக்கும் ஒட்டவில்லை என்பதால், பதினாறு வருடப் பழக்கத்தில் வாயில் வந்த ஒரு வாக்கியத்தை இடையில் போட்டுத் தைத்துவிட்டாள். மீட்டர் சார் முள்ளைத்தான் பார்ப்பார், புத்தகத்தை அல்ல. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

தெரியப்போகிறவள் பக்கத்து அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று காலைப் பதிவு தளபதி காயம்பட்டுக் கிடக்கும் இடம். படகு கட்டுபவரின் மகள் அவன் நெற்றியில் கை வைக்கிறாள். அவனை மன்னிக்க ஒரு காரணமும் இல்லை என்று பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கத்தை அவள் படித்த விதத்தில், முள்ளை மறந்து மீட்டர் சார் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். முடித்ததும் விரலைத் தூக்க மறந்து, "செத்துடுவானாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியும் பதிவாகிவிட்டது. மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

*

மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தபோது சின்னவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைக் கொண்டுவரவில்லை. ஒரு பிழைச்சீட்டும் புத்தகமும் கொண்டுவந்தாள்.

"ரெண்டு பக்கம் விட்டிருக்கே."

"தாள் ஒட்டிக்கிட்டிருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." சின்னவள் சீட்டைப் படித்தாள். "'விடிந்தபோது ஆற்றின்மேல் பனி கலைந்து, கோட்டை முழுவதும் அமைதியாக இருந்தது.' இது எந்தப் பக்கத்துலக்கா இருக்கு? மூணு தடவை தேடிட்டேன். புத்தகத்துல இல்ல."

பெரியவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா நீ ஏன் எழுதினே?"

"பிடிக்கலடி. அந்த ஆளு பண்றது பிடிக்கல. எவ்வளவுதான் பொறுத்துக்கறது?"

"பொறுத்துக்கவேண்டாம். திட்டலாமே? முப்பது பக்கத்துக்கு ஒரு தடவை பூட்டறான், தூக்கறான், மெரட்டறான். எல்லாத்துக்கும் ஓரத்துல கிழிகிழின்னு கிழிச்சிருக்கே." சின்னவள் புத்தகத்தை விரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தாள். "இந்த ரெண்டு பக்கத்துல ஒரு எழுத்து இல்ல. மூச்சுக்கோடு மட்டும்தான் இருக்கு. இருக்கறதுலயே பெரிய அயோக்கியத்தனம் இதுதான். இங்க மட்டும் உனக்கு எப்படிக்கா ஒண்ணும் தோணல?"

தங்கையின் முகத்தில் சந்தேகம் என்று ஒன்றும் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். அதுதான் பெரியவளைக் குத்தியது. கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பாள்.

"தலைவலி. அன்னிக்கு நல்ல தலைவலி எனக்கு."

"சரி" என்று சின்னவள் எழுந்தாள். "மூணு மணிக்கு மீட்டர் சாரைக் கேட்டு வெச்சிருக்கேன். அந்த ரெண்டு பக்கத்தை எடுத்துடலாம். நானும் உக்காந்து பாத்துட்டு அப்படியே வக்கீலம்மாகிட்ட கெளம்பறேன்."

*

மூன்று மணிக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். மீட்டர் சார் முள்ளோடு, சின்னவள் இன்னொரு பிரதியோடு.

பெரியவள் ஆரம்பித்தாள். காவலன் படியேறி வருகிறான். ஓலையை நீட்டுகிறான். தளபதி விளக்கடியில் கையெழுத்தைப் பார்க்கிறான். குரல் கனகச்சிதமாக வந்தது. சொல்லப்போனால் ரசித்தேகூடப் படித்தாள். இவ்வளவு கேவலமான ஒரு காரியத்தை இவ்வளவு அழகாக எழுத ஒருவருக்கு எப்படி மனசு வந்தது என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

"இதைப் படித்தால் அவள் அழுவாள்" என்று தளபதி சொன்னான்.

அங்கே நின்றுவிட்டாள்.

மீட்டர் சார் இரண்டு விரலைத் தூக்கினார். பெரியவள் மறுபடி படித்தாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள். மூன்றாவது தடவை சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா அழுது அவள் பார்த்தது அம்மா செத்தபோதுதான். இப்போது மைக்குக்குப் பின்னால் அக்காவின் மூக்கு நுனி சிவந்திருந்தது.

நேரில் போய் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பெரியவளுக்குத் தைரியம் வரவில்லை. மைக்கில் சொன்னாள்.

"குட்டி, உனக்கு ஒரு லெட்டர் வந்துது. போன வாரம் செவ்வாக்கெழமை. அவர்கிட்டேருந்து. நான் குடுக்கல. என் பைலதான் இருக்கு. பிரிக்கல, சத்தியமாப் பிரிக்கல. நீ அழுவேன்னு நெனச்சேன்." பொய் சொல்லவில்லைதான், முழுசாகவும் சொல்லவில்லை. "அழுதுட்டு அவர்கூடப் போயிடுவேன்னு நெனச்சேன். நீ போனா வீட்ல பேச ஆளில்ல எனக்கு."

மீட்டர் சார் பாவம், எந்த விரலைத் தூக்குவது என்று தெரியாமல் ஐந்து விரலையும் தூக்கினார். பிறகு ஓசைப்படாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

சின்னவள் உள்ளே வந்து கையை நீட்டினாள். பெரியவள் பையைத் திறந்து கடிதத்தைக் கொடுத்தாள். ஒற்றைத் தாள். சின்னவள் நின்றபடியே ஒரு தடவை படித்தாள். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். பஞ்சுச் சுவருக்குள் தாள் மடிகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

"என்னடி எழுதியிருக்கார்?"

"அது எனக்கு வந்த லெட்டர்க்கா."

பெரியவள் பையை மூடினாள்.

"நான்தான் மொதல்ல எழுதினேன், தெரியுமா உனக்கு?" சின்னவளின் குரல் உயரவே இல்லை. "மூணு வாரம் முன்னாடி. ஏன் அப்படிப் பண்ணினீங்கன்னு ஒரே ஒரு கேள்வி. 'உன் நல்லதுக்குத்தான்'னு எழுதறதா இருந்தா பதிலே போடவேண்டாம்னு எழுதியிருந்தேன். பதில் வரல. சரி, அந்த மனுஷன் மாறமாட்டார்னு நெனச்சுத்தான் வக்கீலம்மாகிட்ட வியாழக்கிழமை வரேன்னு சொன்னேன்."

தங்கை அழக்கூடாது என்று ஒளித்தது, தங்கையை ஒரு கையெழுத்து வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. இன்னும் ஒன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். முடிந்த பிறகும் இவள் அதை நல்லதென்றே நினைத்துக்கொண்டு இருந்திருப்பாள்.

"குட்டி, நான் வேணும்னு..."

"வேணும்னுதான் பண்ணினே. அவரும் வேணும்னுதான் பண்ணினார். பாசம்தான், இல்லேங்கல. ஆனா ரெண்டு பேருக்கும் என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணவே தோணாது. அந்தத் தளபதியை நாம ரெண்டு பேரும் உக்காந்து திட்டினோம்க்கா. ரசிச்சு ரசிச்சுத் திட்டினோம். புத்தகத்துல இருக்கறவன்னா மூடி வெச்சுட்டுத் தூங்கலாம். உன்னை நான் என்ன பண்றது?"

சின்னவள் எழுந்தாள். கடிதத்தைக் காகிதங்களோடு சேர்த்துப் பைக்குள் வைத்தாள். செருப்பை மாட்டினாள்.

"கையெழுத்துப் போடப் போறியா?"

சின்னவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து மீட்டர் சார் கதவை மெல்லத் தட்டினார். "அம்மா, ஒன்றரைப் பக்கம் பாக்கி இருக்கு. நாளைக்கு வேணா வெச்சுக்கலாமா?"

"இல்ல சார். இப்பவே படிச்சுடறேன்."

படித்தாள். தளபதி சொன்ன நியாயத்தையெல்லாம் ஒரு எழுத்து விடாமல், அவன் அதை எவ்வளவு நம்பிச் சொல்கிறானோ அவ்வளவு நம்பிப் படித்தாள். மீட்டர் சார் ஒரு விரலைத் தூக்கினார். ஒரு இடத்திலும் திருத்தம் தேவைப்படவில்லை.

ஐந்தேகாலுக்குக் கைப்பைக்குள் போன் அடித்தது. பெரியவள் பாய்ந்து எடுத்தாள். தங்கை இல்லை, வக்கீலம்மா.

"என்னங்க, நாலரைக்கு வரேன்னாங்க உங்க தங்கச்சி, இன்னும் ஆளைக் காணோம்? போன் அடிச்சாலும் எடுக்கல."

நாலு மணிக்கு முன்னாலேயே போனவள். பத்து நிமிஷ நடைதான்.

"கேக்குதா? ஆறு மணிக்கு நான் பூட்டிடுவேன். காத்திருக்கவா, கெளம்பவா? அவங்க போடறாங்களா இல்லையா, எதுவா இருந்தாலும் நீங்களே சொல்லிடுங்க, போதும்."

வக்கீலம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஐந்து மாதமாகச் சின்னவளுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதையெல்லாம் அவர் பெரியவளிடம் கேட்டுத்தான் எழுதிக்கொண்டார். கேட்ட மாத்திரத்தில் பதிலும் வந்துவிடும். இன்றும் வாய் வரை வந்தது. காத்திருங்கள் என்றும் வந்தது, போய்விடுங்கள் என்றும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள். பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "அவளைத்தான் கேக்கணும்."